எண்ணெய் ஒழுகும் கார்களும் நானும்

எண்ணெய் ஒழுகும் காரில், எந்த இடம் ஈரமாக இருக்கிறதோ அந்த இடத்தை நம்பக் கூடாது என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம். மேலே கசியும், கீழே இறங்கும், கார் ஓடும்போது காற்றில் பின்னால் பரவும். கடைசியில் சம்பந்தமே இல்லாத ஒரு போல்ட் நுனியில் வந்து சொட்டும். மலேசியாவில், கிள்ளானில் சின்னதாக ஒரு வொர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். இங்கே மெக்கானிக்கை ‘போமன்’ என்பார்கள். பழைய காரை வைத்துக்கொண்டு, காலையில் அதை நகர்த்தியதும் தரையில் கறுப்புப் பொட்டைப் பார்த்து மனசு கெட்டுப்போகிறவர்களுக்கு என் நிலைமை புரியும். உங்களுக்காவது ஒரு கார்தான்.

அட்டையோடு வந்த டீச்சர்

பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டிலிருந்து ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் வந்தார். பின்சீட்டில் ஏழெட்டு அட்டைகள். பார்க்கிங்கில் காருக்கு அடியில் விரித்து, சொட்டிய இடத்தைப் பேனாவால் வட்டம் போட்டு, கிழமை எழுதி வைத்திருந்தார். தரையை அழுக்காக்குவதாக நிர்வாகத்திலிருந்து இரண்டு கடிதம் வந்துவிட்டதாம். இஞ்சினைக் கழுவித் துடைத்து இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தேன். ஒரு பொட்டு ஈரம் இல்லை. அவருடைய இஞ்சின் எண்ணெய் தேன் நிறம். அட்டையில் இருந்ததோ தார் மாதிரிக் கறுப்பு.

“ஒண்ணுமில்ல டீச்சர்” என்று அனுப்பிவிட்டேன். ஆனால் எனக்கு வேலை ஓடவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு நானே பிரிக்ஃபீல்ட்ஸ் போனேன். டீச்சர் டியூஷன் சொல்லிக்கொடுக்கப் போயிருந்தார். அவர் இடத்தில், அவர் விரித்த அட்டையின் மேலேயே, கீழ்க்கடைக்குச் சாமான் இறக்க வந்த வேன் நின்று சொட்டிக்கொண்டிருந்தது. போனில் சொன்னேன்.  டீச்சர் சொன்னார்: “பாவம் தம்பி என் கார். ரெண்டு மாசமா அதைத் திட்டிக்கிட்டே ஓட்டினேன்.”

கருகும் வாசனை

எல்லாக் காரும் அப்படித் தப்பித்துவிடாது. போர்ட் கிள்ளானில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற சுப்பையா அங்கிளின் கார் இருபத்தாறு வருஷப் பழசு. வாரத்தில் மூன்று நாள் மனைவியை டயாலிசிஸுக்கு அதில்தான் கூட்டிப்போவார். ஓட ஆரம்பித்துப் பத்து நிமிஷத்தில் கருகும் வாசனை வந்தது. காரின் முன்மூடியைத் திறந்தால், எண்ணெய் சூடான புகைக்குழாய் மேல் விழுந்து புகைந்துகொண்டிருந்தது. தீப்பிடிக்கக்கூடிய விஷயம். இஞ்சின் மேல்மூடியில் எண்ணெய் கசியாமல் அடைக்கும் ரப்பர் காஸ்கெட் பிளாஸ்டிக் மாதிரி இறுகிக் கிடந்தது. மாற்றினேன். நன்றாகத் துடைத்துக் கொடுத்தேன்.

எட்டாவது நாள் கார் திரும்பி வந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் ரப்பர் வளையம் கசிந்திருந்தது; அதையும் மாற்றினேன். அடுத்த வாரம் மறுபடியும் வாசனை. சாப்பிடும்போதும் எனக்கு அந்தக் கார்தான். சிக்னலில் நிற்கும்போது அந்த அம்மா முன்சீட்டில் உட்கார்ந்திருக்க, முன்மூடிக்கு அடியில் எண்ணெய் புகைவது கண்ணுக்குள்ளேயே நின்றது. அங்கிள் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் கஷ்டம். சாவியை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: “போமன், எனக்கு வாசனை பழகிடும். அவளுக்குத்தான் வாந்தி வருது.”

சனிக்கிழமைப் பயணம்

கார் என்னிடம் நின்றிருந்தபோது சனிக்கிழமை வந்துவிட்டது. டயாலிசிஸ் நாள். வாடகைக்கார் பிடிக்கிறேன் என்றார் அங்கிள். எனக்கு மனசு கேட்கவில்லை. என் காரிலேயே இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டேன். வழியெல்லாம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி பேசிக்கொண்டே போனேன்: காஸ்கெட் இப்படி, வளையம் அப்படி, இந்தத் தடவை விடமாட்டேன் என்று.

ஆன்டி பின்சீட்டில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். கிளினிக் வாசலில் இறங்கும்போது என் தோளைத் தொட்டு, மெதுவாக, வருத்தத்தோடு சொன்னார்: “தம்பி, உன் காரிலயும் அதே வாசனை வருதுப்பா.”

பவுடர்

என்னோடு வேலை செய்கிற கதிரேசன் திருவாரூர்க்காரர், வேலை பெர்மிட்டில் இங்கே வந்தவர், என்னைவிட இரண்டு வயசு சின்னவர். ஊரில் பஸ் டெப்போவில் வேலை பார்த்தவர். திங்கட்கிழமை, நான் மூன்றாவது தடவையாக அங்கிளின் இஞ்சினைத் திறக்கப் போனபோது ஸ்பேனரைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். இஞ்சினைக் கழுவி, காயவைத்து, முகத்துக்குப் போடும் பவுடரை மேலெல்லாம் தூவினார். வழியில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். இருபது நிமிஷம் ஓடவிட்டோம். வெள்ளைப் பவுடரில் பழுப்புக் கோடு ஒரே சமயத்தில் மூன்று இடத்தில் இறங்கியது. அதில் இரண்டு, நான் புதிதாக மாற்றிய இடங்கள்.

காஸ்கெட், வளையம் என்று மூன்று சீல் ஒன்றாகக் கெடாது. கதிரேசன், ஓடும் இஞ்சினில் எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியை லேசாகத் திருகினார். புஸ்ஸென்று புகை கிளம்பி மூடி துள்ளியது. இஞ்சின் உள்காற்றை வெளியே விடும் சின்ன வால்வும் அதன் குழாயும் கசடு இறுகி அடைத்துக் கிடந்தன. வெளியேற வழியில்லாத அழுத்தம் எண்ணெயைக் கிடைத்த இடுக்கிலெல்லாம் தள்ளியிருக்கிறது. நான் இத்தனை நாள் பார்க்காதது விரல் நீள வால்வு. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கதிரேசன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “சீலைத் திட்டாதீங்கண்ணே. மூச்சை அடைச்சா அது வேற என்ன செய்யும்?”

மூன்று மாதம் கழித்து

வால்வு, குழாய், பிதுங்கிய காஸ்கெட் எல்லாவற்றையும் மாற்றினோம். முதல் வாரம் ஒவ்வொரு டயாலிசிஸ் நாளும் நானே கிளினிக் பார்க்கிங்கில் போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். காவலாளி இரண்டு தடவை விசாரித்தார். காய்ந்தே இருந்தது. மூன்று மாதம் கழித்து அங்கிள் சும்மா எட்டிப்பார்த்தார். எப்படி என்று கேட்டேன். சிரித்தார். “வாசனையே இல்ல லா போமன். கார் ஓடுதா நிக்குதான்னு ஆன்டி என்னைக் கேக்குறா.”

ஒழுகுகிற காரையெல்லாம் எப்படியோ நிறுத்திவிடுகிறேன். கல்யாண மண்டப வாசலில்கூட, நிற்கிற கார்களுக்கு அடியில் குனிந்து பார்க்கிற என்னைத்தான் யாராலும் நிறுத்த முடியவில்லை.