அவள் உட்கார்ந்தால் நாங்களும்

மழை விட்ட காலையில் ஏரிக்கரையில் நடப்பதென்றால் எனக்குக் கால் நிற்காது. எனக்கு எப்போதுமே கால் நிற்காது. ஒரு வேலையில் உட்கார்ந்தால் இன்னொன்றில் மனம். அப்படிப்பட்டவனை எங்கள் வீட்டுப் பெண் நாய் உட்காரவைத்துவிட்டது.

கரையின் பாதிகூட வரவில்லை. அவள் நின்றாள், என்னைப் பார்த்தாள், ஈரப் புல்லில் மெல்ல உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பால் கேனோடு வண்டியில் போனவர் வேகத்தைக் குறைத்தார்.

"இன்னாங்க, நாயி ஒங்கள இட்டாந்துதா, நீங்க நாய இட்டாந்தீங்களா?"

"அதுதாங்க என்னை இட்டாந்துது."

"அப்ப அதுகிட்டயே கேளுங்க, எப்ப வூட்டுக்கு வுடும்னு."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவருக்குத் தெரியாது. போன வாரம் சங்கராபுரத்தில் மாட்டு டாக்டர் அவள் வயிற்றை அழுத்திப் பார்த்து, உள்ளே கட்டி பெரிதாகிவிட்டது, இந்த வயசுக்குக் கத்தி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எவ்வளவு நாள் என்று நான் கேட்கவில்லை. "இருக்கறவரைக்கும் நல்லா பாத்துக்குங்க" என்றார். மலை ஏறலாமா என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அடுத்த ஆட்டைக் கூப்பிட்டார்.

ஏரிக்கரையில் உட்கார்ந்ததற்கு மறுநாள் ஞாயிறு. கல்வராயன் மலைக்குப் போவதாகத் திட்டம். மழைக்குப் பிறகு அருவியில் தண்ணீர் கொட்டும். வெள்ளிமலைக்குப் பஸ்ஸில் போய், சாமைக் கொல்லைகளின் ஓரமாக இறங்கி, ஓடையைப் பிடித்துக்கொண்டே நடக்கிற வழி. பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கலர் பென்சிலால் நான் வரைந்த வழி அது. எனக்கு அதுதான் பொழுதுபோக்கு. ஓடைக்கு நீலம், கொல்லைக்குப் பச்சை, அவள் உட்கார்ந்த இடங்களுக்குச் சிவப்புப் புள்ளி. எங்கள் மலையேறும் கூட்டத்தில் ஒரே ஒரு சட்டம்: நாய் உட்கார்ந்தால் எல்லாரும் உட்கார வேண்டும். யார் ஆரம்பித்தது என்று ஞாபகமில்லை. அவள் குட்டியாக இருந்தபோது பாவம் பார்த்து வந்த பழக்கம், வளர்ந்த பிறகும் விடவில்லை.

நடக்க முடியாதென்றால் தூக்கிக்கொண்டு போகலாம் என்று சொன்னது என் மனைவி. அவளுக்குத் தையல்தான் பொழுதுபோக்கு. என்னுடைய இரண்டு பழைய ஜீன்ஸை வெட்டி, நாலு நாளாக, முதுகில் மாட்டுகிற மாதிரி ஒரு பை தைத்திருந்தாள். கால் வெளியே வர ஓட்டை, வயிற்றுக்கு அடியில் பஞ்சு. கடைசி நூலை அன்று மத்தியானம் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "வாங்க, போட்டுப் பாக்கலாம்" என்றாள்.

வாசலில் நான் முதுகைக் காட்டிக் குந்தினேன். என் மனைவி அவளைத் தூக்கிப் பைக்குள் இறக்கினாள். ஒரு நிமிஷம் எல்லாம் சரியாக இருந்தது. என் கழுத்தில் அவளுடைய மூச்சு சூடாகப் பட்டது. முதுகில் அந்தக் கனம் எனக்குப் பிடித்திருந்தது. நான் எழுந்தேன்.

அவள் கத்தினாள். ஊசி போட்டபோதுகூடக் கத்தாதவள்.

"எறக்குங்க, எறக்குங்க" என்று என் மனைவி பையைப் பிடித்தாள். இறக்கினோம். அவள் தரையில் கால் ஊன்றி நின்று, வாலைத் தாழ்த்தி ஆட்டி, என் கையை நக்கினாள். தப்பு செய்துவிட்டவள் போல. என் மனைவி பையை என் முதுகிலிருந்து கழற்றினாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்து, தைத்த நூலை ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தாள்.

"அதை ஏம்மா பிரிக்கிற?"

"கீழ விரிச்சுப்போடலாம். தரை சில்லுனு கீது. படுத்துக்கட்டும்."

சாயங்காலம் சிநேகிதனின் மோட்டார் ரீவைண்டிங் கடைக்குப் போனேன். எங்களோடு எப்போதும் மலையேறுகிறவன் அவன். செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே நிமிர்ந்து பார்க்காமல் பேசினான்.

"மொத பஸ்ஸு. புளிசோறு நான் எடுத்தாறேன். போன தபா மாதிரி உப்பு ஜாஸ்தின்னு மூஞ்சியத் தூக்காத."

"நான் வரல. நீங்க போய்ட்டு வாங்க."

கை நின்றது. அவனிடம் கட்டியைப் பற்றி முன்பே சொல்லியிருந்தேன். பை கதையை இப்போது சொன்னேன். கொஞ்ச நேரம் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தான். கை சுத்தமான பிறகும் துடைத்தான்.

"அவ இல்லாம எங்க உக்காரதுன்னு எங்களுக்கு இன்னாய்யா தெரியும்?"

"மூச்சு வாங்குற எடத்துல உக்காருங்க."

"எவன் சொல்வான் மூச்சு வாங்குதுன்னு? நீ சொன்னியா ஒரு நாளு? நான் சொன்னனா? பாவம், நாயி களைச்சிப்போச்சின்னுதான சொல்லிக்கினு இருந்தோம்."

எங்களுக்கு முன்னால் ஓடி, திருப்பத்தில் நின்று, நாங்கள் தொப்பையும் வியர்வையுமாக ஏறி வருவதைப் பார்த்து, அதற்கப்புறம்தான் அவள் உட்காருவாள். அவள் நாக்கு தொங்கி நான் பார்த்ததில்லை. எங்களுக்குத்தான் தொங்கும். இத்தனை வருஷம் மலையில் இளைத்தது யார், யாருக்காக யார் உட்கார்ந்தது?

"நாளைக்கி நானும் போவல" என்றான். "கம்பி சுத்தற வேல கெடக்குது."

கெடக்குதோ இல்லையோ, அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அவள் ஜீன்ஸ் துணிமேல் படுத்திருந்தாள். என் செருப்புச் சத்தம் கேட்டதும் எழுந்தாள். வெளியே போகிற நேரம் அது, நோய்க்கு அது தெரியாது. வாரை எடுக்காமல் கதவைத் திறந்தேன். இரண்டு வீடு தாண்டினாள். மூன்றாவது வீட்டு வாசலில் கோலம் அழிந்து கிடந்த ஈர மண்ணில் மெதுவாக உட்கார்ந்தாள். மேற்கே மலை இருக்கிற பக்கம் மேகம் மூடிக் கிடந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

எனக்குக் களைப்பில்லை என்று சொல்லலாமென்று நினைத்தேன். சொல்லவில்லை. தெருவில் உட்கார்ந்தேன்.