சூடு ஏறாத ரேடியேட்டர்

பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்களில் நானும் ஒருவன். ரங்கூனில் ஓர் அரிசி மில்லில் பாய்லர் பக்கம் ஒன்பது வருஷம் வேலை பார்த்தேன். யுத்தம் வந்தது. மில்லை மூடினார்கள். நானும் என் மனைவியும் மற்றவர்களோடு சேர்ந்து நடந்தோம். மாரண்டஹள்ளியில் அண்ணன் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தபோது நான் மட்டும் இருந்தேன். அண்ணன் எனக்குப் பின்னால் தெருவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எதுவும் கேட்காமல் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

எனக்கு முறைக்காய்ச்சல். ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். வராத நாளிலும் குளிர் விடாது. இருந்தது ஒரே அறை, அதையொட்டி ஒரு சமையலறை. அண்ணன், அண்ணி, அவர்களுடைய இரண்டு பெண் குழந்தைகள் எல்லோரும் அதற்குள்தான். ஆகவே அண்ணன் சமையலறைச் சுவரை ஒட்டி வெளிப்பக்கம் எனக்கென்று ஓர் அறை இறக்கினார். மண் சுவர், தகரக் கூரை. அந்தப் பக்கம் நிலம் சரிவு. அதனால் சமையலறையிலிருந்து இரண்டு படி இறங்கித்தான் அதற்குள் வரவேண்டும்.

ஐப்பசி மழைக்குப் பிறகு தகரம் ஐஸ் மாதிரி ஆகிவிட்டது. முதலில் கணப்புச் சட்டியில் கரி போட்டு வைத்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டு படுத்தவன், கரிப்புகையில் மயங்கி, காலையில் கூப்பிட்டால் எழவில்லை. தூக்கி வெளியே போட்டுத் தண்ணீர் தெளித்தார்களாம். அதோடு கணப்பு நின்றது.

அண்ணனுக்குப் பாலக்கோட்டில் பஸ் ஷெட்டில் மெக்கானிக் வேலை. ஒரு நாள் சாயங்காலம் பழைய லாரி ரேடியேட்டர் ஒன்றைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தார்.

"பெங்களூர்ல ஒரு வெள்ளைக்காரன் வூட்ல பாத்தேன்டா. சொவத்தோரமா இரும்புப் பொட்டி நிக்குது. உள்ள சுடுதண்ணி ஓடுது. பொகை இல்ல, நெருப்பு இல்ல. வூடே வெதுவெதுன்னு இருக்குது. அத இங்க செஞ்சிர்லாம்."

சமையலறை அடுப்புமேல் ஓர் எண்ணெய் டிரம்மை ஏற்றினார். சுவரில் இரண்டு துளை போட்டார். மேலே ஒரு குழாய், கீழே ஒரு குழாய். என் கட்டிலுக்கு எதிரே தரையில் ரேடியேட்டரை நிறுத்தி மாட்டினார். தண்ணீர் ஊற்றி, அண்ணி அடுப்பை மூட்டினார். டிரம்மில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. ரேடியேட்டர் சில்லென்று கிடந்தது.

"கொஞ்சம் பொறுங்க, வரும்," என்றார் அண்ணி.

வராது என்று எனக்குத் தெரியும். பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது. அடுப்பு மேலே, ரேடியேட்டர் கீழே. பம்ப் இல்லாத இடத்தில் சுடுதண்ணீர் தானாக மேலேதான் போகும், கீழே இறங்காது. பாய்லர் வேலையில் முதல் வாரமே சொல்லிக்கொடுப்பது இது. ஆனால் வாயைத் திறந்து சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. சொல்லக்கூடாது என்றும் தோன்றவில்லை. எதிரே இருந்த அந்த இரும்பைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

அண்ணன் விறகைக் கூட்டிப் பார்த்தார். டிரம் ஆடும் அளவுக்குக் கொதித்தது. சுவருக்கு அந்தப்பக்கம் குழாய் கை வைக்க முடியாமல் சுட்டது, இந்தப்பக்கம் ஒரு சாண் தாண்டினால் பச்சைத்தண்ணீர். "அடைப்பு இருக்குது," என்று குழாய்களைக் கழற்றி ஷெட்டுக்கு எடுத்துப்போய், புளித்தண்ணீர் ஊற்றிக் கம்பி விட்டுக் குத்திக்கொண்டு வந்தார். மறுபடி மாட்டினார், சுவரைப் பூசினார். சூடு வரவில்லை. மறுபடி கழற்றினார். தடித்த குழாய் தேடி அலைந்தார். யுத்த காலத்தில் இரும்புக் குழாய் எங்கே கிடைக்கும்?

குழாய் இல்லாத அந்த நாட்களில் அண்ணி ஒரு வழி கண்டுபிடித்தார். ரேடியேட்டரின் அடித்துளையை மரக்கட்டையால் அடைத்துவிட்டு, அடுப்பிலிருந்து கொதிக்கும் தண்ணீரைக் குடத்தில் மொண்டு வந்து மேல் வாயில் ஊற்றுவார். அரைமணி நேரம் சூடு இருக்கும். ஆறியதும் கட்டையைப் பிடுங்கி வடிய விட்டு, மறுபடி ஊற்றுவார். காலையில் நான்கு குடம், சாயங்காலம் நான்கு குடம். ஒவ்வொரு குடத்தோடும் அந்த இரண்டு படியை இறங்குவார். நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் காலை மேல்படி ஈரமாக இருந்தது. அண்ணி வழுக்கினார், விழவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டார். ஆனால் குடம் சாய்ந்து தண்ணீர் முழுக்க இடது காலில் கொட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். பெரியவள் ஓடிவந்து காலில் பச்சைத்தண்ணீரை ஊற்றினாள். தோல் வெண்மையாகக் கிளம்பி வந்தது.

எனக்கு அப்போதும் நெஞ்சில் எதுவும் அசையவில்லை. அதைத்தான் சொல்ல வெட்கமாக இருக்கிறது. காலைப் பார்த்தேன், இது ஒரு கால், வெந்துபோயிருக்கிறது என்று தெரிந்தது. அவ்வளவுதான்.

அண்ணி நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"தம்பி, ஒனக்கு இது எதனாலன்னு தெரியும்ல? நீ மெசின்ல இருந்தவன்தான?"

"தெரியும்."

"சொல்லேன்பா."

"அடுப்பு கீழ இருக்கணும் அண்ணி. ரேடியேட்டர் மேல இருக்கணும்."

சாயங்காலம் அண்ணன் வந்ததும், அண்ணி மஞ்சள் அப்பிய காலை நீட்டிக்கொண்டே, "தம்பி சொல்றத ஒருதரம் கேளுங்க," என்றார்.

நான் சொன்னேன். அண்ணன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டார்.

"எப்பருந்து தெரியும் ஒனக்கு?"

"மொத நாளே."

திட்டுவார் என்று இருந்தேன். அவர் எழுந்துபோய்க் கடப்பாரையோடு வந்தார்.

"வா. எங்க தோண்டணும்னு காட்டு."

போர்வையோடு வெளியே போனேன். சரிவு இன்னும் இறங்குகிற இடத்தில், அறைச் சுவருக்கு வெளியே குழி தோண்டச் சொன்னேன். அதில் அடுப்பு, அடுப்புமேல் மூடி போட்டு அடைத்த டிரம். உள்ளே ரேடியேட்டரைக் கல் அடுக்கி இடுப்பு உயரத்துக்குத் தூக்கினோம். பழைய குழாய்களே போதுமாக இருந்தன. டிரம்மின் உச்சியிலிருந்து போகும் குழாய் ரேடியேட்டரின் தலைக்கு, ரேடியேட்டரின் அடியிலிருந்து திரும்பும் குழாய் டிரம்மின் அடிக்கு. வழியில் எங்கேயும் குழாய் தொய்யக்கூடாது.

தண்ணீரை ரேடியேட்டர் வாய் வழியாக ஊற்றினோம். அண்ணன் மூடியைத் திருகப்போனார்.

"இறுக்காதண்ணா. உள்ள காத்து இருக்குது. அது போகட்டும். எப்பவும் லேசாவே இருக்கட்டும்."

குபுக் குபுக்கென்று காற்று வெளியே வந்தது. வந்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றினேன். விறகு பற்றி ஒரு கால்மணி நேரத்தில் மேல்குழாய் சுட்டது. அப்புறம் ரேடியேட்டரின் தலை, அப்புறம் இடுப்பு, அப்புறம் அடி. அண்ணன் உள்ளங்கையை அதன்மேல் வைத்து எடுத்து, வைத்து எடுத்து, சிரித்தார். நானும் தொட்டேன். சுட்டது. கையை எடுத்துக்கொண்டேன்.

அந்தக் குளிர்காலம் அதிலேயே கழிந்தது. காலையில் அண்ணன் அடுப்பை மூட்டிவிட்டு பஸ்ஸுக்குப் போவார், பகலில் விறகு தள்ளுவது என் வேலை. குழந்தைகள் ஈரப் பாவாடையை ரேடியேட்டர்மேல் போட்டுக் காயவைத்தார்கள். அண்ணியின் கால் ஆற ஒன்றரை மாதம் ஆனது. அதுவரை வீட்டுக்கு நானே தண்ணீர் சுமந்தேன். கால் வெந்ததைப் பற்றி அவர் பிறகு ஒருநாளும் பேசவில்லை.

தை முடியும் சமயம் காய்ச்சல் அதிக இடைவெளி விட ஆரம்பித்தது. ஒரு மத்தியானம் அண்ணி அறையில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிராமல், "வழியில என்ன ஆச்சு தம்பி?" என்றார்.

மனைவிக்குப் பேதி கண்டது, இரண்டு நாள் தூக்கிக்கொண்டு நடந்தேன், மூன்றாம் நாள் காலையில் மூச்சு இல்லை, ஒரு மரத்தடியில் கிடத்திவிட்டு மற்றவர்களோடு நடந்துவிட்டேன் என்று சொன்னேன். புதைக்கவில்லை என்பதையும் சொன்னேன். சந்தைக்குப் போய்வந்ததைச் சொல்வதுபோலத்தான் என் குரல் இருந்தது.

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மடியிலிருந்த காய்கள் தரையில் உருண்டன. நான் குனிந்து அவற்றைப் பொறுக்கி முறத்தில் போட்டேன்.

பங்குனியில் அண்ணன் என்னை ஷெட்டுக்குக் கூட்டிப்போனார். பெட்ரோல் கிடைக்காமல், கரி வாயுவில் ஓடுவதற்காகப் பின்னால் கரி அடுப்பு கட்டிய பஸ்கள் அங்கே நின்றன. அடுப்பு வேலை தெரிந்த ஆள் தேவைப்பட்டது. மறுநாளிலிருந்து போக ஆரம்பித்தேன்.