ஆறிப்போன ஜப்பான் பர்கர்

எழுதுவதற்கு எனக்கு என்ன தகுதி என்று தெரியவில்லை. பத்தாவது வரை படித்தவன். செங்கல்பட்டு கோர்ட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மற்றவர்கள் எழுதியதை நகல் எடுத்துக் கொடுத்தே காலம் போய்விட்டது. நாலு பேர் கூடிய இடத்தில் பேசவே கூச்சப்படுகிறவன் இப்படி எழுத உட்கார்ந்துவிட்டதை வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இது நடந்தது 2009 வாக்கில், ஒரு சனிக்கிழமை மதியம், நாவலூரில். பழைய மாமல்லபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டிடங்கள் வரிசையாக எழும்பிக்கொண்டிருந்த சமயம். என் ஒரே மகள் சிறுசேரியில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். கூட வேலை பார்க்கும் ஒரு பையனைப் பிடித்திருக்கிறது என்று ஒரு நாள் எங்களிடம் சொன்னாள். பையன் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பத்தைச் சேர்ந்தவன். அப்பா இல்லை. அம்மா மீன் விற்றுப் படிக்க வைத்திருக்கிறார்.

எங்கள் சாதி இல்லை. என் மனைவிக்கு அதுதான் உறுத்தலாக இருந்தது. எனக்கும் கொஞ்சம் இருந்தது. வீட்டில் சண்டை எதுவும் வரவில்லை. அதைவிட மோசமாக, பேச்சே நின்றுபோனது. மகள் தட்டில் போட்ட சோற்றைக் கிளறிவிட்டு எழுந்து போவாள். முகம் சுருங்கிப்போய்விட்டது. கடைசியில் என்னிடம் வந்து, "ஒரே ஒரு தடவை அவங்களப் பாருங்கப்பா. பாத்துட்டு வேணாம்னா வேணாம்னு சொல்லிடுங்க. நான் அதுக்கப்புறம் கேக்க மாட்டேன்" என்றாள். அவள் சொன்னால் சொன்னபடி நடப்பாள். அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

யார் வீட்டுக்கு யார் முதலில் போவது என்ற பேச்சே வேண்டாம் என்று பிள்ளைகள் இருவரும் ஒரு பொது இடத்தைப் பிடித்தார்கள். மனைவி வரவில்லை. "நான் வந்தா ஏதாவது பேசிடுவேன். நீங்களே போய்ட்டு வாங்க. ஆனா முடிவு பண்ணாம அவங்க கிட்ட கை மட்டும் நனைச்சிடாதீங்க" என்று வாசல் வரை வந்து சொல்லி அனுப்பினாள்.

சம்பந்தம் பேசுகிற இடத்தில் அவர்கள் போடும் சாப்பாட்டில் கை வைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு வேண்டாம் என்றால் அசிங்கம். எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் இது உண்டு.

அந்த இடம் ஒரு பெரிய கட்டிடத்தின் மாடியில் இருந்தது. நடுவில் மேஜை நாற்காலிகள், சுற்றிலும் விதவிதமான சாப்பாட்டுக் கடைகள். எல்லாரும் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு நடந்தார்கள். நான் சட்டைப் பொத்தானைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பையனின் அம்மா ஏற்கெனவே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அழுத்தமான மஞ்சள் நிறப் புடவை, தலை நிறைய கனகாம்பரம். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டார். அவருக்கும் அந்த இடம் புதுசுதான் என்று தெரிந்ததில் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

சிவப்புக் காகித விளக்குகள் தொங்கிய ஒரு கடைக்குப் பிள்ளைகள் போனார்கள். ஜப்பான் முறையில் பர்கர் செய்யும் கடையாம், அங்கிருந்த கடைகளிலேயே உசத்தியானதாம். பையன் எனக்கும் என் மகளுக்கும் ஒரு தட்டில் வாங்கி வந்தான். என் மகள் அவனுக்கும் அவன் அம்மாவுக்கும் வாங்கி வந்தாள். மரியாதை என்று நினைத்துத்தான் அப்படிச் செய்தார்கள். அவர்கள் தட்டு எங்கள் முன்னாலும் எங்கள் தட்டு அவர்கள் முன்னாலும் வந்ததில் பெரியவர்கள் இரண்டு பேரும் மாட்டிக்கொண்டோம்.

பன் கன்னங்கரேலென்று இருந்தது. மேலே எள். உள்ளே மீன் கட்லெட், நூல் மாதிரி சீவிய முட்டைகோஸ், பழுப்பாக ஒரு குழம்பு, ஓரத்தில் பச்சையாக ஏதோ துவையல்.

"இன்னாடா இது, பன்னு தீஞ்சி போய் கீது?" என்றார் அந்த அம்மா.

"தீயலம்மா, கலரே அதான். ஜப்பான் ஸ்டைலு."

"ஜப்பான்காரனுக்கு அடுப்பத் தணிக்கத் தெரிலன்னு சொல்லு."

என் மகள் சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

"சாப்டுங்க அங்கிள், ஆறிடும்" என்றான் பையன்.

"இப்பதான் தம்பி டிபன் சாப்ட்டேன்" என்றேன்.

"நானும் நாஸ்தா துன்னுட்டுதான் வந்தேன்" என்றார் அந்த அம்மா உடனே.

"என்ன ரெண்டு பேரும் பேசி வெச்ச மாதிரி சொல்றீங்க?" என்று மகள் கேட்டாள். அவள் தன் பர்கரையும் தொடவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "காலைலருந்து ஒரு டீதான் குடிச்சிருக்கா அங்கிள்" என்று பையன் மெதுவாகச் சொன்னான். அவனும் தன்னுடையதைத் தள்ளி வைத்துவிட்டான்.

நான்கு பர்கரும் அப்படியே ஆறிக்கொண்டிருந்தன.

கொஞ்ச நேரம் பார்த்த அந்த அம்மா, "ரெண்டு பேரும் போய் தண்ணி வாங்கிகினு வாங்க" என்று பிள்ளைகளை அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, உங்க வூட்லயும் சொல்லி அனுப்சாங்களா?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "ஆமாம்மா" என்றேன்.

"எனக்கும் எங்கண்ணன் சொல்லித்தான் அனுப்சான். பொண்ணு வூட்டுக்காரர் வாயத் தொறக்காம நீ கை நனைச்சிட்டு வந்தியன்னா, அலைஞ்சிகினு போய் வுழுந்தான்னு பேசுவாங்கன்னு." வாயைப் புடவையால் மூடிக்கொண்டு சிரித்தார். பிறகு தண்ணீர் விற்கும் இடத்தைப் பார்த்தார். என் மகள் அங்கே தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

"அந்தப் புள்ள மொகத்தப் பாருங்கண்ணே. நீங்க கை வெக்காம அது வெக்காது. நான் துன்றேன். நாளிக்கு நீங்க வேணாம்னு சொல்றதுன்னா சொல்லிக்குங்க, நான் கேக்க மாட்டேன். அது ஆசையா வாங்கியாந்து குடுத்தத எப்டி வெச்சிட்டுப் போறது?"

"உங்க அண்ணன் கேட்டா?"

"கேட்டா நான் பாத்துக்கறேன்."

அவர்கள் திரும்பி வரும்போது அந்த அம்மா இரண்டு கையாலும் பர்கரை எடுத்துப் பெரிதாக ஒரு கடி கடித்தார். "மீனு நல்ல மீனுதான். உக்காரும்மா, நீயும் துன்னு. உங்கப்பா மெல்ல துன்வாரு" என்று என் மகளிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பச்சைத் துவையல் மூக்கில் ஏறிவிட்டது. புரையேறி, கண்ணில் தண்ணீர் கொட்ட, "யப்பா, இன்னாடா வெச்சிகிறான் உள்ள!" என்று இருமினார்.

பையன் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறக்கத் தடுமாறினான். என் மகள் ஓடிப்போய் அந்த அம்மாவின் உச்சந்தலையில் தட்டினாள். கனகாம்பரம் கசங்காமல் பார்த்துத் தட்டி, முதுகைத் தடவிவிட்டாள். அவளுடைய அம்மாவுக்குப் புரையேறினால் எப்படிச் செய்வாளோ அப்படியே செய்தாள். யாரும் சொல்லிச் செய்யவில்லை.

அதைப் பார்த்த பிறகு என்னால் உட்கார முடியவில்லை. மெதுவாக எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய் மனைவிக்குப் போன் செய்தேன்.

"அந்தம்மா கை நனைச்சிட்டாங்க" என்றேன்.

"என்னது? நீங்க?"

"நான் இன்னும் இல்ல."

"நீங்க சரின்னு சொல்லாமலேவா சாப்ட்டாங்க?"

"ஆமா. நம்ம பொண்ணு பட்டினியா இருக்குதுன்னு. நாளைக்கு நாம வேணாம்னாலும் கேக்க மாட்டாங்களாம்."

அந்தப் பக்கம் அவள் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "இப்ப நீங்க எங்க இருக்கீங்க?" என்று கேட்டாள்.

"படிக்கட்டுல நிக்கிறேன்."

"நல்லா நிக்கிறீங்க போங்க. ஒரு பொம்பள தனியா சாப்ட்டுட்டு இருக்கறாங்க, இவரு படிக்கட்டுல நிக்கிறாராம். போய் உக்காந்து சாப்பிடுங்க."

போனை வைத்துவிட்டாள்.

நான் திரும்பி வந்து உட்கார்ந்து பர்கரை எடுத்தேன். பன் விறைத்துப்போயிருந்தது. கோஸ் தண்ணீர் விட்டிருந்தது. குழம்பு இனிப்பும் புளிப்புமாக மணிக்கட்டு வரை ஒழுகியது. சூடாக இருந்தால் எப்படி இருந்திருக்குமோ தெரியாது. நான் அதை ஒரு துணுக்கு விடாமல் சாப்பிட்டேன். என் மகள் வாயில் வைத்ததை மெல்லாமல் என்னையே பார்த்தாள். அந்த அம்மா அவள் முழங்கையை இடித்து, "இன்னா பாக்கற? உங்கப்பா கை நனைச்சிட்டாரு, துன்னு" என்றார். மகளுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. தலையைக் குனிந்துகொண்டு அழுதபடியே சாப்பிட்டாள். பையன் காகிதத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அவளிடம் நீட்டிக்கொண்டே இருந்தான்.

இப்போது எனக்கு வயதாகிறது. நாலு கல்யாணத்துக்குப் போகிறேன், நாலு இடத்தில் பேச்சுவார்த்தைக்கும் கூப்பிடுகிறார்கள். யார் முதலில் இறங்கி வருவது என்று இரண்டு பக்கமும் விறைப்பாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம், தன் மானத்தைவிட ஒரு பெண்ணின் பசியைப் பெரிதாக நினைத்த அந்த அம்மாதான் ஞாபகத்துக்கு வருகிறார். அப்படி ஒரு மனசு எனக்கு வருமா என்று இன்னமும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். என் மனைவி காலை பஸ்ஸில் தனியாக மாமல்லபுரம் போனாள். அந்த அம்மாவைப் பார்த்து, அவர் வீட்டில் கை நனைத்துவிட்டுச் சாயங்காலம் திரும்பி வந்தாள்.