பிசின் ஊற்றிய பெட்டியும் பதினொரு ஆய்வுத் தேவைகளும்

இருபது வருடம் தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னியல் படிப்பித்த நான், இரவு பகலாக ஃபிரிட்ஜ் ஓட்டவேண்டிய ஒரு இன்வேர்ட்டரை, மழை தூறிய ஒரு காலையில், ஆறு பல்புகளை அரை மணித்தியாலம் எரியவைத்துப் பரிசோதித்தேன். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். கைதட்டலைப் பரிசோதனை முடிவாக எடுத்துக்கொண்ட முதல் ஆள் நானாக இருக்கமாட்டேன் என்பது மட்டுமே ஆறுதல்.

சுனாமியில் கடல் வந்து போன இரண்டாம் வருடம் அது. ஆரையம்பதியில் எங்கள் வீட்டின் அத்திவாரம் மட்டும் மிஞ்சியது. நானும் அக்காவும் வாவிப் பக்கத்தில் தகரக் கொட்டில் ஒன்றுக்கு வந்திருந்தோம். அக்காவுக்கு நீரிழிவு, காலையில் இன்சுலின் ஏற்றாமல் முடியாது. அலை அடித்த அன்று தகரம் வெட்டிய வலது காற்புண் ஆறுவதும் பிளப்பதுமாக இருந்தது. மருந்தை அவள் முட்டி என்கிற சிறு மண்பானைக்குள், குளிர்ச்சிக்காக ஈரமணலில் புதைத்து வைத்திருந்தாள். எனக்கு அது வெட்கமாக இருந்தது. மின்னியல் மாஸ்டரின் அக்கா முட்டிக்குள்ளா மருந்து வைப்பது?

ஒரு தொண்டு நிறுவனம் எங்கள் கொட்டில் வரிசைக்குச் சோலர் தகடுகள், பற்றரிகள், மருந்து வைக்க ஒரு ஃபிரிட்ஜ், கூடவே ஒரு இன்வேர்ட்டர் எல்லாம் தந்தது. பற்றரி தரும் நேரோட்டமான டிசியை ஃபிரிட்ஜுக்கு வேண்டிய ஆடலோட்டமான ஏசியாக மாற்றும் பெட்டிதான் இன்வேர்ட்டர். எங்கோ குளிர்தேசத்தில் செய்தது. எங்கள் உப்புக்காற்றில் மூன்று மாதம் தாங்கியது. திறந்து பார்த்தேன். செம்பெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது. இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு பல்லி பொரிந்துபோயிருந்தது.

அன்றே கட்டுரை எழுதத் தொடங்கினேன்: ‘கரையோர மின்தொகுதிகளுக்கான இன்வேர்ட்டர்கள்: ஆய்வு, அபிவிருத்தித் தேவைகள்.’ உப்பைத் தாங்கும் பூச்சு, மோட்டார் தொடங்கும்போது திடீரென்று இழுக்கும் மின்னோட்டம், கிழட்டுப் பற்றரியோடு சமாளிப்பது, ஊர்க் கைகளே திருத்தக்கூடிய அமைப்பு என்று பதினொரு தேவைகள். பன்னிரண்டாவது பல்லி. கட்டுரையின் கௌரவம் கருதி அதை வெட்டிவிட்டேன்.

புது இன்வேர்ட்டர்ப் பெட்டியையும் நானே செய்தேன். உப்பு நுழையாமலிருக்க என்ன வழி என்று யோசித்தபோது, கரையில் உடைந்த தோணிகளுக்கு ஃபைபர் பிசின் பூசிக்கொண்டிருந்தவரிடம் போனேன்.

“இது தோணிக்குப் பூசுற சாமான் மாஸ்டர். ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகாது.”

“அதுதான் எனக்கும் வேணும்.”

“உள்ள வாற சூடு எங்கால போற?”

“அதெல்லாம் கணக்குப் பாத்தாச்சு.”

“தோணி கூட மேல்பக்கம் திறந்துதான் மனே கிடக்கு,” என்றார்.

நான் கணக்குப் பார்க்கவில்லை. முழுப் பெட்டியையும் பிசினில் அமிழ்த்தி எடுத்தேன். பல்புக்குக் கைதட்டல் வாங்கிய பிறகு ஃபிரிட்ஜைக் கொளுவினேன், உறுமிக்கொண்டு ஓடியது. அக்காவின் மருந்தை மாற்றி வைத்தேன். முட்டியைக் கொட்டிலின் பின்னால் கவிழ்த்தேன். ஃபிரிட்ஜ் கதவில் அறிவித்தலும் ஒட்டினேன்: ‘காலையில் ஒருமுறை மட்டும் திறக்கவும். தொட்டுப் பார்த்துச் சோதிக்க வேண்டாம்.’

பிறகு கட்டுரையைத் தூக்கிக்கொண்டு கொழும்புக் கருத்தரங்குக்குப் போனேன். குளிரூட்டிய மண்டபத்தில் ஒன்பதாவது தேவையை அழுத்தி வாசித்தேன்: ‘வெப்பத்தை வெளியேற்றும் முறைகள் பற்றிய ஆய்வு மிக அவசரமானது.’ ஏறத்தாழ அதே நாளில்தான் பெட்டி உள்ளுக்குள் வெந்திருக்கவேண்டும். திரும்பும் வழியில் சண்டை, பாதையைப் பூட்டிவிட்டார்கள். கொட்டிலில் போன் கிடையாது. வீடு சேரப் பதினைந்து நாளுக்கு மேலாயிற்று.

பெட்டி மண்ணிறமாகி ஊதிக் கிடந்தது. தகரத்துக்குக் கீழே ஃபிரிட்ஜ் ரொட்டி வேகும் போறணைபோலச் சுட்டது. அறிவித்தலில் மட்டும் ஒரு கசங்கலும் இல்லை. அக்கா வாய் வறண்டு படுத்திருந்தாள். கால்விரல்கள் கறுத்திருந்தன.

“குளிரில்லை எண்டு தெரியல்லையா அக்கா?”

“தெரிஞ்சது.”

“பிறகும் ஏன் அந்த மருந்தையே ஏத்தின நீங்க?”

“நீ எழுதி ஒட்டியிருந்தாய். படிச்சவன் செஞ்சது, சுட்டாலும் உள்ள ஏதோ விஞ்ஞானம் இருக்கும் எண்டு நினைச்சன்.”

முதலில் இரண்டு விரல்களை வெட்டி எடுத்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே. டொக்டர் பல காரணங்கள் சொன்னார், நல்ல மனிதர். எனக்கு ஒன்றுதான் தெரிந்தது.

போர் முடிந்தது. கரண்ட் வந்தது, தார் ரோட்டு வந்தது, ரோட்டு வழியே பயிலரங்குகளும் வந்தன. வாவியோர ஹோட்டல் ஒன்றில் சூரியசக்தி பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டார்கள். யாரோ என் பழைய கட்டுரையைக் கிண்டி எடுத்திருந்தார்கள். பதினொரு தேவைகளில் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. இத்தனை வருடத்தில் ஒன்றையும் ஒருவரும் ஆராயவில்லை. நானும்தான். ஒன்பதாவதைப் பாதியில் விட்டு, மறுபடி தொடக்கத்திலிருந்து வாசித்தேன். தாகமாக்கும் என்று ஒருவர் தண்ணீர்ப் போத்தல் நீட்டினார். குடித்துவிட்டுப் பத்தாவதுக்குப் போனேன்.

கட்டுரையை வழுவழுப்பான மட்டைக்குள் வைத்துத் தந்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எங்களிடம் இப்போது நல்ல ஃபிரிட்ஜ் இருக்கிறது. ஆனாலும் அக்காவின் மருந்து அவள் உட்காரும் கதிரைக்குப் பக்கத்தில், ஈரமணல் முட்டிக்குள்தான். மணல் காய்ந்தால் தண்ணீர் தெளிப்பது நான்.

அவள் மட்டையை வாங்கி இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தாள்.

“கைதட்டினவங்களா?”

“ஓம்.”

“நல்ல தடிப்பு. வச்சிட்டுப் போ தம்பி, முட்டிய மூட உதவும்.”