ஜன்னல் வழியே போட்ட பை

போன வாரம் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் திருவண்ணாமலை பஸ் ஒன்று உள்ளே திரும்பிக்கொண்டிருந்தது. வேட்டி கட்டிய ஒருவர் கூடவே ஓடி, எம்பி, ஜன்னல் வழியாகக் கைக்குட்டையை ஒரு சீட்டில் போட்டுவிட்டு, ஏதோ கோட்டையைப் பிடித்தவர் போல இடுப்பில் கை வைத்து நின்றார். முன்பக்கமாக ஏறியிருந்த ஓர் இளைஞன் அதை இரண்டு விரலால் தூக்கி வெளியே போட்டுவிட்டு, அந்த சீட்டில் உட்கார்ந்து போனை நோண்ட ஆரம்பித்தான்.

"யோவ், எடம் போட்டிருந்தேன் இல்ல?"

"கர்சீப்பா டிக்கெட் எடுக்கப்போவுது?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொண்டேன். வெயிலில் காய்ந்த ரெக்சின் சீட்டின் வாசனை அந்த ஜன்னல்களிலிருந்து வந்துகொண்டிருந்தது. எனக்கு அந்த வாசனை ஆகாது. ஏன் ஆகாது என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அதற்கு முன் எதிர் டீக்கடையில் நடந்த பஞ்சாயத்தையும் சொல்லிவிடுகிறேன். பஸ் ஸ்டாண்டை ஊருக்கு வெளியே கொண்டுபோகலாமா கூடாதா என்று இரண்டு பேர் மல்லுக்கு நின்றார்கள். "வெளிய கட்டிட்டா, அங்கேர்ந்து ஊருக்குள்ள வர ஆட்டோக்காரனுக்கு யாரு அழுவறது?" என்றார் ஒருவர். "அதுக்காவ இங்கியே நசுங்கிக்கினு சாவலாமா?" என்றார் இன்னொருவர். கடைசியில் என் பக்கம் திரும்பி, "நீங்க இன்னா சொல்றீங்க சார்?" என்று கேட்டார்கள். எந்த விஷயத்துக்கும் இரண்டு கருத்து வைத்திருப்பவன் நான், ஒன்று எடுபடாவிட்டால் இன்னொன்று. அன்றைக்கு டீக்காசை வைத்துவிட்டு நழுவிவிட்டேன். பஸ் விஷயத்தில் யாரையும் கேட்காமல் நானாக ஒரு முடிவு எடுத்த காலை ஒன்று உண்டு. அதற்கான விலையை வேறொருத்தி கொடுத்தாள்.

இருபத்தைந்து வருடம் இருக்கும். அப்போது நான் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஓர் உரக்கடையில் வேலை பார்த்தேன். சங்கராபுரத்திலிருந்து தினமும் வந்து போவேன். காலையும் மாலையும் பஸ்ஸில் தொங்கித் தொங்கி, இடம் பிடிப்பதில் ஒரு கைதேர்ச்சி வந்திருந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அதன் சட்டதிட்டங்கள் தெரியாது. பஸ் நிற்பதற்கு முன்னாலேயே ஜன்னல் வழியாகப் பொருளைப் போட்டுவிட வேண்டும். துண்டு போடலாம், பை போடலாம், ஒன்றுமில்லாத நேரத்தில் செருப்பைக் கூடப் போடுவார்கள். ஒருமுறை ஒரு அம்மா கைக்குழந்தையையே உள்ளே நீட்டி, முன்பின் தெரியாத ஒருவர் மடியில் வைத்துவிட்டு, நிதானமாகச் சுற்றி வந்து ஏறினாள். பொருள் விழுந்துவிட்டால் அந்த இடம் போட்டவருக்குச் சொந்தம். அதை நகர்த்துபவன் மனுஷனே இல்லை என்பது ஊர் தீர்ப்பு.

எனக்கு ஒரு திமிர் உண்டு. மற்றவர்கள் பஸ் ஸ்டாண்டுக்குள் நிற்பார்கள். நான் வாசலைத் தாண்டி ரோட்டுக்கே போய்விடுவேன். வளைவில் வண்டி மெதுவாகும்போது நான் போட்டதுதான் முதல் பொருளாக இருக்கும். டிரைவர் முகத்தைப் பார்த்தே அது எந்தப் பக்கம் போகிற வண்டி என்று சொல்வேன் என்று கடையில் பீற்றிக்கொள்வேன். முதலாளி, "இந்த அறிவை வியாபாரத்துல காட்டுடா" என்பார்.

அதே கடையில் பில் எழுதிய பெண் அலமேலு. கல்வராயன் மலைக்காரி. வெள்ளிமலைக்கும் அந்தப் பக்கம் அவள் ஊர், வீட்டில் சாமையும் மரவள்ளியும் போட்டிருந்தார்கள். அந்த ஊரில் ஆசிரியர் பயிற்சி முடித்த முதல் பெண் அவள்தான். வேலைவாய்ப்பு ஆபீஸில் பதிந்துவிட்டு, கடிதம் வருகிற வரைக்கும் சும்மா இருக்க வேண்டாமென்று இங்கே சித்தி வீட்டில் தங்கி வேலை பார்த்தாள். சனிக்கிழமை சாயங்காலம் மலை பஸ்ஸுக்கு அவளுக்கு இடம் பிடித்துக் கொடுப்பது என் வேலை. "அண்ணே, ஜன்னலோரமா புடிங்க, எனக்கு வாந்தி வரும்" என்பாள். வளைவு வளைவாக ஏறும் வண்டியில் நின்றுகொண்டு போனால் அவள் வீடு போய்ச் சேரும்போது பாதி உயிர்தான் இருக்கும்.

கடிதம் வந்துவிட்டது. விழுப்புரத்தில் சான்றிதழ் சரிபார்ப்பு, காலை பத்து மணிக்கு. அப்போது எல்லாவற்றுக்கும் விழுப்புரம்தான், நமக்குத் தனி மாவட்டம் கிடையாது. மலையில் இருப்பவன் ஒரு கையெழுத்துக்காக இறங்கி வந்து, கள்ளக்குறிச்சியில் பஸ் மாறி, இன்னும் இரண்டு மணி நேரம் போனால்தான் ஆபீஸின் கேட்டையே பார்ப்பான்.

அன்று காலை ஏழு மணிக்கே பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டாள். வழியனுப்ப நானும் போனேன். அவள் கையில் ஒரு மஞ்சள் பை. ஏழரை வண்டிக்கு நூறு பேர் காத்திருந்தார்கள். நான் துண்டைக் கொண்டுவரவில்லை.

"பையைக் குடு."

"அண்ணே, சர்டிபிகேட்டு மொத்தமும் இதுலதான் இருக்குது. ஒரிஜினலு."

"அதான் சீட்டுல ஒக்காந்துக்கினு பத்திரமா வரப்போவுதே. குடும்மா."

கொடுத்துவிட்டாள். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை என்பதுதான் இன்றைக்கும் என்னைக் குத்துகிறது.

நான் வழக்கம்போல வாசலைத் தாண்டி ரோட்டுக்குப் போனேன். வளைவில் ஒரு வண்டி வந்தது. நெற்றியில் 'சேலம் – விழுப்புரம்' என்று போர்டு. அந்தத் தடத்தில் போகும்போதும் வரும்போதும் அதே போர்டுதான். மாற்றுகிற சிரமம் வேண்டாமென்று அப்படியே ஓட்டுவார்கள். இரண்டு பக்க வண்டியும் ஒரே வாசலில்தான் நுழையும். எந்தப் பக்கம் என்று கண்டக்டர் கத்துவதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நான்தான் டிரைவர் முகம் படிக்கிற மேதாவி ஆயிற்றே. பையை இரண்டாவது ஜன்னல் வழியாகப் போட்டேன். அழகாகச் சீட்டின் நடுவில் விழுந்தது.

திரும்பி நடந்து வந்து, "ஜன்னலோரம். வெயில் படாத பக்கம்" என்றேன் பெருமையாக. அவளும் நானும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனால், அந்த வண்டி ஏற்கெனவே நகர்ந்துகொண்டிருந்தது. படியில் நின்ற கண்டக்டர், "சின்னசேலம், ஆத்தூர், சேலம்!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

விழுப்புரத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் போகிற வண்டி. ஓடினேன். "நிறுத்து, நிறுத்து" என்று நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை, அத்தனை ஹாரன். வண்டி மேற்கே திரும்பிப் போயே போய்விட்டது. அலமேலு அழவில்லை, கத்தவில்லை. "அண்ணே, அது சேலத்துக்குப் பூட்சா?" என்று மட்டும் கேட்டாள்.

முதலாளி வீட்டுக்கு ஓடி மொபெட் சாவி கேட்டேன். விஷயத்தைக் கேட்டவர் என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. ஆனால் திட்டிக்கொண்டே சாவியைக் கொடுத்தார், பெட்ரோல் இருக்கிறதா என்று டேங்க்கைத் திறந்தும் பார்த்தார். அலமேலு பின்னால் உட்கார்ந்துகொண்டாள்.

ஊர் எல்லையில் கரும்பு டிராக்டர்கள். ஒன்றன் பின் ஒன்றாக ஏழெட்டு, பாரம் இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு, ரோட்டை அடைத்துக்கொண்டு ஆமை வேகத்தில் போயின. கரும்பு வண்டிகளை ஊருக்குள் விடக்கூடாது என்று வாராவாரம் யாராவது மனு கொடுப்பார்கள். நான் கரும்பு போட்டவர்கள் பக்கம், அவர்களும் எங்கேதான் போவார்கள் என்று வாதாடுவேன். அன்றைக்கு ஒவ்வொரு டிராக்டரையும் பெயர் வைத்துத் திட்டினேன். அவள் விரல்கள் என் சட்டையின் முதுகைப் பிடித்து இறுகிக்கொண்டே போனது மட்டும் தெரிந்தது.

சின்னசேலம் போய்ச் சேர்ந்தபோது பஸ் அங்கே இல்லை. "இப்பத்தான் போச்சி, ரெண்டு நிமிசம் ஆவுல" என்றார் பூக்கடைக்காரர். முறுக்கிய முறுக்கில் மொபெட் அலறியது. நாலைந்து மைல் தாண்டி ஒரு புளியமரத்தடியில் ஆளை இறக்க நின்ற வண்டியைப் பிடித்தோம். குறுக்கே கொண்டுபோய் நிறுத்தினேன். டிரைவர் தலையை வெளியே நீட்டி, "சாவறதுக்கு வேற வண்டி கெடைக்கலயா?" என்றார்.

நான் உள்ளே ஏறினேன். வண்டி நிறைய ஆட்கள், படி வரைக்கும் நின்றுகொண்டிருந்தார்கள். கூட்டத்தைப் பிளந்து இரண்டாவது ஜன்னலுக்குப் போனால், வெயிலில் காய்ந்த ரெக்சின் வாசனை அடிக்கிற சீட்டில் மஞ்சள் பை உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. இடுப்பில் பேரக்குழந்தையோடு ஒரு பெரியம்மா அந்த சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா, ஒக்காந்திருக்கலாமே?"

"யாரோ எடம் போட்டிருக்குது. ஏறுவாங்க ஏறுவாங்கன்னு பாத்துக்கினே வர்றோம்" என்றாள். "நல்லாப் போட்ட போ, ஆளே இல்லாம."

பையைப் பிரித்துப் பார்த்தேன். எல்லாம் இருந்தது. கீழே இறங்கி அலமேலு கையில் கொடுத்தபோது, பிழைத்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். அவளும் சிரித்தாள்.

ஆனால் மணி ஒன்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. சின்னசேலத்துக்குத் திரும்பி, மொபெட்டை சைக்கிள் ஸ்டாண்டில் விட்டுவிட்டு, விழுப்புரம் வண்டிக்குக் காத்திருந்தோம். வந்த முதல் வண்டி நிற்கவே இல்லை. அடுத்ததில் ஏறினோம், இடமில்லை. இந்த முறை நான் கண்டக்டரிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் ஏறினேன். உளுந்தூர்ப்பேட்டையில் ரோடு வேலை, வண்டி அரை மணி நேரம் நின்றது. அலமேலு பையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாகத் தெரிகிற ஒவ்வொரு மைல்கல்லையும் வாய்க்குள் படித்துக்கொண்டு வந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமலிருக்க டிரைவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆபீஸுக்குள் நுழைந்தபோது பன்னிரண்டரை. வராந்தா காலியாக இருந்தது. மேஜையில் இருந்தவர் பட்டியலைப் புரட்டி, "மூணு தடவ கூப்டாச்சும்மா. ஆப்சென்ட் போட்டு மேல அனுப்பியாச்சு" என்றார்.

"சார், தப்பு என்னுதுங்க. பஸ்சு மாறிப்போச்சி. இவங்க ஏழு மணிக்கே கெளம்பிட்டாங்க" என்று நான் கெஞ்சினேன். கையைக் கூடக் கூப்பினேன்.

அவர் கெட்டவர் இல்லை. உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டும் வந்தார். "கள்ளக்குறிச்சிப் பக்கத்துலேர்ந்து வர்றவங்க முந்தின நாளே வந்து தங்கிடணும்மா. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது, அடுத்த லிஸ்ட்ல பாருங்க" என்றார்.

ஒரு பஸ் நிறைய ஜனங்கள், கைக்குழந்தையோடு நின்றவள் உட்பட, யாரென்றே தெரியாத ஒருத்திக்காக அத்தனை தூரம் ஒரு சீட்டைக் காத்தார்கள். அந்த ஆபீஸ் பட்டியலில் அலமேலுவுக்காக அரை நாள் ஒரு வரியைக் காலியாக விட முடியவில்லை. எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அவள்தான் என்னை டீ குடிக்கக் கூட்டிப்போனாள்.

அடுத்த லிஸ்ட் வருவதற்கு வருடங்கள் ஆயின. அதற்குள் விதிகள் மாறின, தேர்வு என்றார்கள், மதிப்பெண் என்றார்கள். அவளும் கல்யாணமாகி மலைக்கே போய்விட்டாள். அங்கே ஒரு தனியார் பள்ளியில் கொஞ்ச காலம் பாடம் எடுத்தாள், பிறகு அதையும் மூடிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் என்று அறிவித்த அன்று பஸ் ஸ்டாண்டில் வெடி வெடித்தார்கள். லட்டு கொடுத்தார்கள். நானும் ஒன்று வாங்கிக்கொண்டேன், வாயில் போட மனசு வரவில்லை.

போன தை மாதம் அவளைப் பார்த்தேன். மகளுடைய ஏதோ ஒரு சான்றிதழுக்காக இறங்கி வந்திருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது.

"காலைல வந்தேண்ணே, மத்தியானத்துக்குள்ள வேல முடிஞ்சிட்ச்சி" என்றாள் ஆச்சரியத்தோடு. "எல்லாம் இங்கியே வந்துட்ச்சி இல்ல."

"உனக்குத்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"எனக்கு வயசு தாண்டிப்போச்சிண்ணே. வுடுங்க, பொண்ணு படிக்கிறா."

மலை பஸ் உள்ளே வந்தது. கூட்டம் அலைமோதியது. அவளுக்கு வாந்தி வருமே என்று நினைத்ததும் என் கால் தானாக முன்னே போய்விட்டது. "பையைக் குடு, ஜன்னலோரமா போட்டுட்டு வர்றேன்" என்று கையை நீட்டினேன்.

"வேணாண்ணே. நான் நின்னுக்கினே போய்க்கிறேன்" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். என்னை அவள் என்றைக்கோ மன்னித்துவிட்டாள், அது எனக்கு நன்றாகத் தெரியும். பையை மட்டும் கக்கத்தில் இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாக ஏறிப் படிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டாள்.