என் வேஷம் கட்டுனவன்

சொன்னா சிரிப்பீங்க. ஆனா அந்த ஞாயித்துக்கிழமைய நெனச்சா எனக்கு இன்னைக்கும் வயிறு எரியுது.

எங்க தேயிலைத் தோட்டத்துல கோயிலுக்குக் கீழ, பேப்பர் படிக்கிற ஒரு பழைய வாசிகசாலை இருக்கு. ரொம்ப நாளா பூட்டியே கிடந்துச்சு. போன வருசம் அதைத் திறந்து, வெள்ளையடிச்சு, கதவுல ஒரு நோட்டீஸ் ஒட்டுனாங்க. ஞாயிறு ஞாயிறு செயலமர்வாம், எல்லா வயசுக்காரங்களும் வரலாமாம். சின்னப் புள்ளைங்களுக்குச் சித்திரம், இளவட்டங்களுக்கு போன் திருத்துற வேலை, வயசானவங்களுக்குச் சிங்களம் பேசப் பழக்குறது, மத்தவங்களுக்கு நாடகம். நாடகம்! ஆறு நாளும் மலையில கொழுந்து எடுத்துட்டு வர்றவங்களுக்கு நாடகம் எதுக்குடான்னு ரோட்டுல நின்னு வாய்விட்டுச் சிரிச்சேன். அடுத்த வாரமே என் பொண்டாட்டி போய்ப் பேரு குடுத்துட்டு வந்து நிக்கிறா.

நான் ஹட்டன் ஸ்டேஷன்கிட்ட ஆட்டோ ஓட்டுறேன். ஞாயித்துக்கிழமைதான் நல்ல ஹயர், நல்ல சவாரி கிடைக்கும், அன்னைக்கு நான் வீட்டுல இருக்கிறதில்ல. "போயேன், எனக்கென்ன"ன்னு சொல்லிட்டேன். ரெண்டு வாரம் போவா, அலுத்துரும்னு நெனப்பு.

எங்க அலுத்துச்சு? எங்க மக அதே கட்டடத்துல பக்கத்து அறையில சித்திரம் படிச்சா. ஒரு நாள் சாயங்காலம் நான் சப்பாத்தக் கழட்டிக்கிட்டு இருக்கும்போது ஓடி வந்து சொல்றா: "அப்பா, அம்மா இன்னைக்குச் சிரிச்சுச் சிரிச்சு கண்ணுல தண்ணியே வந்துருச்சு. போன் கடை மாமாதான் சிரிக்க வச்சாரு."

போன் கடை மாமா யாருன்னா, சந்தியில போன் திருத்துற கடை வச்சிருக்கானே, அவன். எனக்கு அஞ்சாறு வயசு இளையவன். கல்யாணம் ஆகல. பொடியன்களுக்கு போன் வேலை சொல்லிக் குடுக்கத்தான் வாசிகசாலைக்கு வந்தான். யாரைப் பார்த்தாலும் அப்படியே நடிச்சுக் காட்டுவான்னு நாடகத்துக்கும் இழுத்துக்கிட்டாங்க.

எனக்குச் சோறு இறங்கல. என் பொண்டாட்டி கண்ணுல தண்ணி வர்ற மாதிரி சிரிச்சு நான் எப்பப் பார்த்தேன்? கல்யாணமான புதுசுல பார்த்திருக்கேன். பஸ்ஸுல, கோயில்ல, எங்க வேணாலும் சிரிப்பா, நான்தான் "மெல்லடி, எல்லாரும் பாக்குறாங்க"ன்னு அடக்குவேன். அந்தச் சிரிப்பு எங்க போச்சுன்னு நான் தேடுனதே இல்ல. இப்ப வாசிகசாலையில இருக்குன்னு தெரிஞ்சதும் பொறுக்க முடியல.

"அப்படி என்னத்துக்கு அந்தச் சிரிப்பு?"ன்னு கேட்டேன்.

"ஒண்ணுமில்லங்க, நாடகம்தான். அவரு பண்ற கூத்தப் பார்த்தா யாரா இருந்தாலும் சிரிப்பாங்க."

அவரு! இந்தப் பக்கத்துப் பொம்பளைங்க புருஷனைத்தான் 'அவரு'ங்கிறது. இவளுக்கு போன் கடைக்காரன் அவரு ஆயிட்டான். தம்பின்னு சொன்னா வாய் வலிக்குமா?

நானும் சிரிக்க வச்சுப் பாக்கலாம்னு ஆட்டோ ஸ்டாண்டுல கேட்ட ஒரு கதையக் கொண்டாந்து சொன்னேன். அங்க எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்ச கதை. இவ "அப்படியா"ன்னுட்டு வெங்காயத்த உரிச்சா. அதோட விட்டாளா, சட்டியக் கிண்டிக்கிட்டே தனக்குள்ள ஏதோ வசனம் முணுமுணுத்துக்கிட்டா. என்னோட சாம்பல் கலர் ஸ்வெட்டரக் காணோம்னு கேட்டதுக்கு, "துவைச்சுப் போட்டேன், இந்த மூடுபனியில எங்க காயுது"ன்னு திரும்பிக்கூடப் பாக்காம சொன்னா.

ஒரு ஞாயித்துக்கிழமை நானுஓயாவுக்கு வந்த ஹயர பக்கத்து ஆட்டோக்காரனுக்கு விட்டுட்டு நேரா தோட்டத்துக்கு வந்துட்டேன். வாசிகசாலைக் கதவு சாத்தியிருந்துச்சு. ஜன்னல் வழியாப் பார்த்தேன். நடுவுல அவன் நிக்கிறான். இவ அவன் கையப் புடிச்சு, முழங்கைய மடக்கி, "இப்படி இல்ல, இப்படி"ன்னு திருத்துறா. அவன் ஒரு தடவ செஞ்சு காட்டுறான். உடனே அந்தச் சிரிப்பு. கண்ணாடியத் தாண்டி வந்துச்சு. என் சிரிப்புய்யா அது! நான் அடக்கி அடக்கி வச்சது, இவன் வந்து அள்ளிக்கிட்டுப் போறான்.

கதவத் தள்ளிக்கிட்டு உள்ள போனேன். என்னையப் பார்த்ததும் எல்லாரும் கப்புன்னு வாய மூடிக்கிட்டாங்க. அவன் கையக் கீழ போட்டுட்டான். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? நாடகம் பழக்குற டீச்சர், ஹட்டன்ல இருந்து வர்ற ஒரு சின்னப் பொண்ணு, "வாங்கண்ணே, உக்காருங்க"ன்னு நாற்காலிய இழுத்துப் போட்டுச்சு. "இல்ல, கூட்டிட்டுப் போக வந்தேன்"னு வாசல்லயே நின்னுட்டேன். அவ பைய எடுத்துக்கிட்டு என் பின்னால வந்தா.

செயலமர்வு முடியுற கடைசி ஞாயிறு நாடகம் போட்டாங்க. தோட்டமே வந்துருச்சு. நான் முன் வரிசையில கையக் கட்டிக்கிட்டு உக்காந்தேன், அவன் எதாவது தொட்டுக்கிட்டு நடிச்சா எந்திரிச்சுப் போயிருறதுன்னு முடிவோட.

திரை விலகுச்சு. இவ அடுப்படியில நிக்கிறா. வெளிய ஹாரன் ஒரு தடவ அடிக்குது. அவன் உள்ள வர்றான். போட்டிருக்கிறது என் சாம்பல் கலர் ஸ்வெட்டர்!

ரெண்டு தடவ தொண்டையச் செருமுறான். சாவிய டிவி மேல வைக்கிறான். காலுறையக் கழட்டி மோந்து பார்த்து மூஞ்சியச் சுளிக்கிறான். சட்டி மூடியத் தூக்கிப் பார்த்துட்டு, "இன்னைக்கும் கிழங்கா?"ங்கிறான். முழங்கைய மடக்கி, போனைக் கண்ணுக்கிட்ட வச்சுக்கிட்டு கிரிக்கெட் பாக்குறான். இவ, "தோள்பட்டை ரெண்டு நாளா இழுக்குதுங்க"ங்கிறா. "ம்... ம்..." "கையத் தூக்க முடியல." "ம்... நாலு விக்கெட் போச்சு." சனம் பாதி நேரம் மேடையப் பார்த்துச்சு, பாதி நேரம் என்னையப் பார்த்துச்சு. எனக்குப் பின்னால ஒரு அம்மா, "ஐயோ, அசல் அவரேதான்"னு வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க.

மானம் போச்சுதான், இல்லைங்கல. ஆனா உள்ளுக்குள்ள ஒரு சந்தோசமும் வந்துச்சு. இத்தன வாரமும் இவ அங்க போய்ச் சிரிச்சது என்னைய வச்சுத்தான்! என் தொண்டைச் செருமல், என் காலுறை, என் முழங்கை, ஒண்ணு விடாமப் பார்த்து வச்சிருக்கா. அவன் வெறும் கூலிக்கு மாரடிக்கிறவன். நாடகம் என்னைப் பத்தினது. கட்டியிருந்த கைய எடுத்துட்டு நல்லாச் சாஞ்சு உக்காந்தேன்.

அப்பத்தான் அந்தப் பாவி போனைக் கவுத்து வச்சான். எந்திரிச்சுப் போய் அவ கையில இருந்த அகப்பைய வாங்குனான். மணையக் காலால தள்ளி, "நீ உக்காரு"ன்னான். தட்டுல அவனே சோத்தப் போட்டுக்கிட்டு, அவ மொகத்தப் பார்த்து மெதுவாக் கேட்டான்.

"நீ சாப்பிட்டியா?"

ஒருத்தரும் சிரிக்கல. இவ அவனையே பார்த்துட்டு, "இல்லங்க"ன்னா. அந்த ஒரு வார்த்தைய அவ சொன்ன விதம் இருக்கே, அப்படி ஒரு குரல் அவகிட்ட இருக்குன்னே எனக்குத் தெரியாது. அத்தோட திரைய இழுத்துட்டாங்க. எனக்குப் பின்னால இருந்த அம்மா மூக்க உறிஞ்சுறாங்க.

வெளிய டீச்சர் பொண்ணு என்னையத் தேடி வந்துச்சு. "அண்ணே, நாடகத்துல பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போற மாதிரிதான் நான் முடிச்சிருந்தேன். உங்க வீட்டுக்காரங்கதான் வேணாம்னு சொல்லி, இந்தக் கடைசிக் காட்சிய அவங்களே சேத்தாங்க. அவருக்கும் அவங்கதான் சொல்லிக் குடுத்தாங்க"ன்னு பெருமையாச் சொல்லுச்சு.

அவனுக்குச் சொல்லிக் குடுக்கத் தெரிஞ்சவளுக்கு எனக்குச் சொல்ல என்ன கேடு? அவன் யாரு, என் ஸ்வெட்டரப் போட்டுக்கிட்டு என் பொண்டாட்டிகிட்ட அதைக் கேக்க? அவன் வந்து, "அண்ணே, கோவமில்லையே?"ன்னு பல்லக் காட்டுனான். "நல்லாத்தான் நடிச்சீங்க"ன்னு சொல்லி வச்சேன். நாக்கு கசந்துச்சு.

வீட்டுக்கு வந்தோம். இவ மொகத்துப் பவுடரத் துடைச்சுட்டு அடுப்படியில குத்துக்கால் போட்டு உக்காந்தா. மத்தியானம் பயிற்சியில இருந்தா, ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டா. தோள்பட்டைய ஒரு கையால அமுக்கிக்கிட்டு இருந்தா. அது நடிப்பில்ல. எனக்கு என்னமோ ஆயிருச்சு. பக்கத்துல போய் நின்னேன். தொண்டையச் செரும வந்ததக்கூட அடக்கிக்கிட்டு, உள்ளதச் சொல்றேன், மனசறிஞ்சு கேட்டேன்.

"நீ சாப்பிட்டியா?"

தலையத் தூக்கிப் பார்த்தா. மொகம் மலர்ந்துச்சு. அப்புறம் சிரிக்க ஆரம்பிச்சா பாருங்க, அதே சிரிப்பு, கண்ணுல தண்ணி வர்ற சிரிப்பு, சுவத்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சா.

"அச்சு அசலா அவரு மாதிரியே கேக்குறீங்களே!"ன்னா.

நான் நெசமாத்தான் கேட்டேன்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள அவ முந்தானையால கண்ணத் துடைச்சுக்கிட்டே சொன்னா:

"ஆனா அவரு இன்னும் கொஞ்சம் மெதுவாக் கேப்பாருங்க."