பிள்ளைக் காம்பராவில் தரை தொட்ட கோடு

எண்பதுகளின் தொடக்கத்தில், இலங்கை மலைநாட்டில் லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பரா என் பொறுப்பில் இருந்தது. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப் போகும் இடம் அது. தொட்டில், பால், மூக்குச்சளி, அழுகை எல்லாம் என் பாடு. போதாததற்கு மாதம் ஒருமுறை எடை போடும் வேலையும் என் தலையில் விழுந்தது. உத்தரத்தில் தராசைத் தொங்கவிட்டுப் பிள்ளையை நிறுத்து, அதன் அட்டையில் ஒரு புள்ளி வைத்து, போன மாதப் புள்ளியோடு கோடு இழுத்துச் சேர்க்க வேண்டும். அட்டைகள் சுவரில் வரிசையாகத் தொங்கும். எழுத்துத் தெரியாத தாய்மாரும் கோட்டை நன்றாகவே வாசிப்பார்கள். ஏறினால் சிரிப்பு, இறங்கினால் என்னோடு சண்டை. தங்கள் பிள்ளையின் அட்டையை அடையாளம் காண மூலையில் ஒரு பொட்டை ஒட்டி வைப்பார்கள். கண்ணேறு படாமலும் இருக்குமாம்.

எனக்கு முன் இருந்த ஆயா ஒரு வழக்கம் வைத்திருந்தார். பிள்ளை இறந்துபோனால் கோட்டை நேரே அட்டையின் அடி வரை இறக்கி முடித்துவிடுவார். காரியம் முடியும் வரை அந்த அட்டை சுவரில் இருக்கும். யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

அந்த வருஷம் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு டாக்டர் ஐயா வந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் காலிக் கட்டத்தைக் கண்டால் அவருக்கு ஆகாது. எடை போட வராத பிள்ளைகளுக்கு நான் அந்த மாதத்தை வெறுமனே விட்டிருந்தேன்.

"என்னங்க இது, பல்லுப் போன மாதிரி? வராட்டி சைபர்னு வைங்க. மேல இருந்து வர்றவங்க கேட்டா நான் என்ன சொல்றது?"

"கோடு அடிக்கு வந்தா புள்ள செத்துப்போச்சுன்னு நெனப்பாங்கய்யா," என்று ஆயாவின் வழக்கத்தைச் சொன்னேன்.

"அதெல்லாம் பழைய கதைங்க."

"அப்ப போன மாச எடையையே வச்சிடுறேன். கோடு தட்டையாப் போகும், யாருக்கும் வம்பில்ல."

"நிறுக்காத புள்ளைக்கு எடையா? பொய்க் கணக்கு வேணாம்."

சைபர் மட்டும் மெய்க் கணக்காக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தாலும் வைத்தேன்.

அப்படிச் சைபர் விழுந்ததில் ஒரு பெண்பிள்ளையின் அட்டையும் இருந்தது. அதன் தாய்க்கு இரண்டாவது பிரசவம். மூத்ததைப் பார்க்க ஆளில்லாமல், உடப்புசல்லாவையில் இருந்த அவளுடைய அக்கா வந்து கூட்டிப் போயிருந்தாள். அக்காவுக்குப் பிள்ளை கிடையாது, இதன்மேல் உயிர். இரண்டு மாதம் பிள்ளை எடைக்கு வரவில்லை. கோடு மளமளவென்று இறங்கி அடியிலேயே படுத்துக்கிடந்தது.

பிரசவ லீவு முடிந்து தாய் வேலைக்கு இறங்கிய முதல் நாள், கைக்குழந்தையை என்னிடம் விட வந்தாள். இடுப்பில் கொழுந்து பறிக்கும்போது சுற்றும் படங்குச் சாக்கைக் கட்டியிருந்தாள், முதுகில் கூடை. நான் இன்னொரு பிள்ளைக்குப் பால் புகட்டிக்கொண்டிருந்தேன். அவள் சுவருக்குப் போய், பொட்டு ஒட்டிய அட்டையைத் தொட்டாள்.

"இது எம்புள்ளையோடதுதானே?"

"ஆமா," என்றேன், தலையைத் தூக்காமல்.

கைக்குழந்தையைத் தொட்டிலில் போட்டாள். கூடையைச் சுவரோரம் இறக்கி வைத்தாள். வெளியே போய்விட்டாள். கொழுந்து மலைக்குத்தான் போகிறாள் என்று நினைத்தேன், கூடை என் கண்ணில் படவில்லை. காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் பேர் கொடுத்தவளை மலையில் காணோமென்று கங்காணி வந்து கத்திய பிறகுதான் அட்டையைப் பார்த்தேன். படங்கோடு பஸ் ஏறியதை யாரோ கண்டிருக்கிறார்கள். பிள்ளை செத்ததை அக்கா தன்னிடம் மறைத்துவிட்டாள் என்று நினைத்து அவ்வளவு தூரமும் போயிருக்கிறாள். கைக்குழந்தை பசியில் வீறிட்டது. பக்கத்து லயத்து வீட்டுக்காரி ஒருத்தி அதற்கும் சேர்த்துப் பால் கொடுத்தாள்.

மறுநாள் வந்துவிட்டாள், இடுப்பில் மூத்த பிள்ளையோடு. உயிர் இருந்தது, அவ்வளவுதான். வயிற்றுப்போக்கு நிற்கவேயில்லையாம், அக்கா கைமருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். தராசில் போட்டேன். முள் போன தடவை நின்ற இடத்துக்கு நிறையக் கீழே நின்றது. டாக்டர் ஐயா பிள்ளையின் தோலைக் கிள்ளிப் பார்த்தார். இன்னும் சில நாள் போயிருந்தால் கை மீறியிருக்கும் என்று சொல்லி, தோட்டத்து லொறியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

என் பேச்சு எடுபட்டிருந்தால் கோடு தட்டையாகப் போயிருக்கும். அவளும் அதைப் பார்த்து நிம்மதியாக மலைக்குப் போயிருப்பாள். அந்தச் சைபர்தான் பிள்ளையைக் காப்பாற்றியது என்று நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல்தான்.

பிள்ளை தேறி வந்த பிறகு டாக்டர் ஐயாவே அட்டையை எடுத்து வந்தார். "அந்த ரெண்டு சைபரையும் அழிச்சிட்டு, முந்தின புள்ளிக்கும் இப்ப வச்ச புள்ளிக்கும் அடிமட்டக் கட்டைய வச்சு நேரா ஒரு கோடு இழுத்துடுங்க," என்றார். குரல் இறங்கியிருந்தது. அழித்தேன். கோடு மட்டும் இழுக்கவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை.

அடுத்த எடைக்குப் பிள்ளையோடு வந்த தாய் அட்டையில் விட்டிருந்த இடைவெளியில் விரலை வைத்தாள்.

"இங்க ஏன் ஒண்ணுமில்ல?"

"அந்த ரெண்டு மாசமும் நான் புள்ளையப் பாக்கலங்க. பாக்காததுக்கு என்னத்தப் போடுறது?"

விரலை அடுத்த புள்ளி வரை நகர்த்தினாள்.

"நானுந்தான் பாக்கல," என்றாள்.